ஓட்டுநருக்கும் ஒரு படுக்கை

தியானப் பகுதி: உபாகமம் 5:12-15

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமானவர்களே,



பிள்ளைகளுக்குத் தேர்வுகள் முடிந்துவிட்டன. கத்திரி தொடங்குமுன்னரே மதுரை வெயில் நம்மை வாட்டத் தொடங்கிவிட்டது. கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நான் நின்றபோது ஐந்து குடும்பத்தார் ஒரே காரியத்தைக் கேட்டீர்கள். "ஐயா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறோம். நீங்கள்தான் பலமுறை முகாம் நடத்தியிருக்கிறீர்களே. என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்." அருகிலிருந்த மூப்பர் ஒருவர், இதையெல்லாமா போதகரிடம் கேட்பது என்று சிரித்தார்.

கேட்பதில் தவறில்லை. வேதபுத்தகம் பயணக் குறிப்புகள் நிறைந்த புத்தகம். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரும்படி கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படியும் சொல்கிறார். குளிர் வருமுன் கம்பளியை நினைக்கிற மனிதனாகவே அவர் அங்கே காணப்படுகிறார். 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து சங்கீதங்களுக்கு ஆரோகண சங்கீதங்கள் என்று பெயர். அவை எருசலேமை நோக்கி மலையேறிய யாத்திரிகர்களுக்கு உரியவை. ஆகவே, மலையேறுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது திருச்சபைக்குப் புறம்பான வேலையல்ல.

எனக்குத் தெரிந்தவற்றை இந்த வாரம் எழுதுகிறேன். கடைசியாக ஒரு குறிப்பு உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. உங்களில் சிலர் அன்று என்னோடு அந்த வண்டியில் இருந்தீர்கள். ஆனாலும் முழுவதையும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதலாவது, அந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்பதை அறிந்து செல்லுங்கள். கொடைக்கானலுக்கும் மதுரைச் சபைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஊழியத்தைத் தொடங்கியது. வந்தவர்களிலும் அவர்களுடைய மனைவி பிள்ளைகளிலும் பலர் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானார்கள். குளிர்ந்த இடம் தேடி அவர்கள் முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். நாம் கொடைரோடு நோக்கிப் போகும்போது வலப்புறத்தில் தெரிகிறதே, அதே சிறுமலைதான். அங்கேயும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. பின்பு பழனி மலைத்தொடரின் மேல் ஏறி, 1845இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். நாம் இன்று காணும் ஊர் அவற்றிலிருந்து வளர்ந்தது. நாம் படகு விடுகிற ஏரியும் இயற்கையாக அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கியதால் உண்டானது.

அக்காலத்தில் அவர்கள் எப்படி மேலே சென்றார்கள் தெரியுமா? மோட்டார் வாகனங்கள் ஏறத்தக்க மலைச்சாலை 1914இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்துத் தோப்பு வரை மாட்டுவண்டியில் வருவார்கள். அங்கிருந்து சிலர் நடந்தார்கள், சிலர் குதிரையேறினார்கள். பெண்களும் நோயாளிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து மேலேற்றினார்கள். பெட்டிகள், பாத்திரங்கள் எல்லாம் தலைச்சுமையாகவே போயின. மிஷனெரிமாரின் பெயர்களைக் கல்லறைகளிலும் ஆலயச் சுவர்களிலும் நாம் வாசிக்கிறோம். சுமந்தவர்களின் பெயரை நான் எந்தக் கல்லிலும் கண்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்பு இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது, புறப்படுமுன் செய்யவேண்டியவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு இணையதளத்தில் வண்டி எண், செல்லும் நாள், தங்கும் இடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்து பெற்றுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. 2025ஆம் ஆண்டு கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. கோடையில் கடைசி நேரத்தில் பதியலாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்துகள் உண்டு. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தூரம். நான்கு மணி நேரம் ஆகும். சிறு குடும்பத்துக்கு இதுவே சிக்கனமான வழி. சங்கமாகவோ சபையாகவோ பெரிய பேருந்து அமர்த்துகிறவர்கள், அதன் நீளம் மலைச்சாலையில் அனுமதிக்கப்படுமா என்பதை முன்பணம் கொடுக்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டுபோகவேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் குளிர்பானப் புட்டிகளுக்கும் அங்கே தடை உண்டு. வைத்திருப்போரிடம் புட்டி ஒன்றுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள். வீட்டிலுள்ள எவர்சில்வர் புட்டிகளில் நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அபராதத்துக்குப் பயந்து மட்டுமன்று. மலையின் ஓடைகள் இறங்கி வந்து நம் ஆறுகளில் சேருகின்றன. மேலே நாம் எறிவது நம்முடைய தண்ணீருக்கே திரும்பி வரும்.

மூன்றாவது, உடலைப் பற்றியது. மதுரையைக் காட்டிலும் கொடைக்கானல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில் பகலில் 20 டிகிரி அளவிலும், இரவில் 12 டிகிரி அளவிலும் இருக்கும். மதுரையில் வேர்த்துக்கொண்டு பெட்டி கட்டும்போது கம்பளியின் நினைவு வராது. நடுவயதினர் தங்களுக்குச் சால்வை போதும் என்பார்கள். இரவு எட்டு மணிக்கு அவர்களே பிள்ளைகளின் போர்வையைப் பங்கு கேட்பார்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர், காதுமூடும் குல்லாய், காலுறை இவற்றைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அக்டோபர், நவம்பரில் கனமழை பெய்து, மண்சரிவால் பாதை அடைபடக்கூடும்; அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைக் கேட்டுப் புறப்படுங்கள்.

வளைவுகளில் வாந்தி வருகிற பிள்ளைகளை முன்பக்கம் உட்காரவையுங்கள். கைபேசியைப் பார்க்கவிடாமல் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். பூரியும் கிழங்கும் வேண்டாம். ஏறும்போது காது அடைத்தால், கடலைமிட்டாய் ஒன்றை வாயில் போட்டு விழுங்க விழுங்க அடைப்பு நீங்கும். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இருதய நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், வண்டிக் கூரையின்மேல் கட்டிய பெட்டியில் வைக்காதீர்கள். சமைக்கிற வசதியுள்ள வீட்டில் தங்குவோர் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரமாகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்து உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். எத்தனை குளிரானாலும் இன்னொரு கம்பளி கேளுங்கள். நெருப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்.

நான்காவது, சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு. மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போகும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி எரியவிடுங்கள். உயர்த்தி எரித்தால் பனியே கண்ணைக் கூசச் செய்யும். மாலைக்குப் பின் காட்டுமாடுகள் சாலையிலும் ஊருக்குள்ளும் நிற்கும். நம் ஊர் மாடு என்று எண்ணி அருகே போய்ப் படம் எடுக்கவேண்டாம். இருட்டுமுன் மேலே சேர்ந்துவிடும்படி காலையிலேயே புறப்படுங்கள்.

ஐந்தாவது, அங்கே என்ன பார்ப்பது? ஒரே நாளில் இருபது இடங்களைக் காட்டுவதாகச் சொல்கிற பட்டியலை ஒதுக்கிவையுங்கள். அதிகாலையில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்து வாருங்கள்; கடைகள் திறக்குமுன் அந்த நீரின்மேல் பனி எழும்புவதைக் காண்பீர்கள். கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் காலை ஒன்பது மணிக்குள் போனால், மேகம் மூடுமுன் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். பூம்பாறைக்குப் போகிறவர்கள் படிவயல்களைக் கண்டு, மலைப்பூண்டு வாங்கி வாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் பூப்பது. 2018இல் பூத்தது, இனி 2030இல் எதிர்பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தால் அவ்வூர் சபையாரோடு கூடி ஆராதியுங்கள். ஆராதனைக்கு விடுமுறை இல்லை.

இனி, நான் சொல்லவிருந்த கடைசிக் குறிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் குடும்ப முகாமைக் கொடைக்கானலில் நடத்தினோம். இரண்டு வேன்கள், முப்பத்தாறு பேர். முகாமின் தலைப்பு இளைப்பாறுதல். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் அழைக்கிற, மத்தேயு பதினோராம் அதிகாரத்து வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு இரண்டு பேனர்கள் கொண்டுபோயிருந்தோம். ஒன்றை மண்டபத்தில் கட்டினோம். இன்னொன்று வேனிலேயே கிடந்தது.

முதல் நாள் இரவு, இராவுணவு முடிந்து எல்லாரும் அறைகளுக்குப் போனபின், என் மனைவி கேட்டாள்: "டிரைவர் தம்பிமார் எங்கே படுத்திருக்கிறார்கள்?" மறுநாள் செய்திக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே, "அவர்களுக்கென்று ஏதாவது ஏற்பாடு இருக்கும்" என்றேன். இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அதிகாலை ஜெபத்துக்காக நாலரை மணிக்கு வெளியே வந்தேன். முற்றத்தில் வேனின் கண்ணாடிகள் உட்புறம் ஆவி படிந்து மங்கியிருந்தன. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். ஓட்டுநர்களில் ஒருவர் ஊரில் உறவினர் வீடு இருந்ததால் அங்கே போயிருந்தார். மற்றவர், இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பிள்ளை, இருக்கைகளின்மேல் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். வேட்டியும் ஒரு துண்டும்தான் அவரிடம் இருந்தன. அவற்றின்மேல் நம்முடைய பேனரைப் போர்த்தியிருந்தார். இளைப்பாறுதலைப் பற்றிய அந்த வசனத்தின்கீழ் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டபின் நான் என்ன செய்தேன்? இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஜெபவேளை வந்துவிட்டது என்று மண்டபத்துக்குப் போனேன். பிற்பாடு கவனிக்கலாம் என்று எண்ணினேன். ஜெபத்துக்குப் பின் காலையுணவு, அதன்பின் செய்தி, அதன்பின் குழு விவாதம் என்று நாள் ஓடிற்று. இரவு ஒரு கம்பளி கொடுத்தனுப்பினேன், இடம் கொடுக்கவில்லை. என் நித்திரைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகலில் இறங்கினோம். பெருமாள்மலையைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி மெல்ல இடப்பக்கமாகச் சாய்ந்து போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த சகோதரி அலறினார்கள். தடுப்புச்சுவரில் தகடு உரசும் சத்தம் கேட்டது. அதற்குள் அவர் விழித்துத் திருப்பிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எல்லாரும் சொன்னோம். அதே மூச்சில் அவரை ஏசினோம். நானும் ஏசினேன். "இத்தனை பிள்ளைகள் வண்டியில் இருக்கிறார்கள், கண் அசந்தால் என்ன ஆகும்?" என்று கடிந்துகொண்டேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. "மன்னிச்சுக்கோங்கய்யா. உங்களுக்கு முந்தி வேளாங்கண்ணி சவாரி. அங்கயும் வண்டியிலதான். இங்க குளிர்ல கண்ணு மூட முடியலய்யா" என்றார்.

ஊத்தில் தேநீர்க் கடை அருகே வண்டியை நிறுத்தினோம். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வீட்டுக்குப் போகத் தாமதமாகிறது என்று சிலர் முறுமுறுத்தீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் காரணம் இன்னதென்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மதுரை வந்து சேர்ந்தபின் பேசிய கூலிக்குமேல் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பதைவிடப் பணம் கொடுப்பது எளிதாயிருந்தது. அடுத்த ஆண்டு அவரைத் தேடினேன். அந்தக் கைபேசி எண் வேறொருவரிடம் இருந்தது. நான் சொல்லவேண்டிய வார்த்தை இன்றும் என்னிடத்தில் கடனாகவே இருக்கிறது.

பிரியமானவர்களே, ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் அதற்குச் சொல்லப்படும் காரணம் சிருஷ்டிப்பு: தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்திலோ வேறொரு காரணம் வருகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே. பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் நான் இறையியல் பாடமாக அறிந்திருந்தேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். உபாகமத்தின் பட்டியலை மீண்டும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று ஒவ்வொருவராக எண்ணியபின், வேலை செய்கிறவர்களும் எஜமானைப் போலவே ஓய்வு பெறவேண்டும் என்பதை ஆண்டவர் தனியாகச் சொல்கிறார். எஜமான் ஓய்ந்திருந்தால் போதும் என்று அவர் விடவில்லை. இன்னொருவனின் உறக்கத்தைப் பறித்து நான் அடைகிற இளைப்பாறுதல், கர்த்தர் கட்டளையிட்ட ஓய்வு அன்று.

நமக்கு எகிப்து தூரத்து தேசமும் அல்ல. நம் சபைக் குடும்பங்களில் பலருடைய பாட்டன் பாட்டிமார் பிறருடைய வயலில் விடியுமுன் இறங்கி இருட்டியபின் ஏறியவர்கள். வாரத்தில் ஒருநாள் தங்களுக்கென்று உண்டு என்பதை அவர்கள் திருச்சபைக்குள் வந்தபோதுதான் முதன்முதலில் கேட்டார்கள். மலையேறிய டோலிகளை நினைக்கும்போது, நம்மில் அநேகருடைய முன்னோர் டோலிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர், டோலியின் கம்பைத் தோளில் தாங்கியவர்கள் என்றே எண்ணுகிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கர்த்தருடைய கிருபையால் வண்டி அமர்த்திப் போகிறோம். ஆகவே மறவாதே என்ற கட்டளை மற்றெவரையும்விட நம்மிடமே அதிகம் கேட்கிறது.

உலகச் சட்டமும் இதைக் கண்டிருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் வாகன ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதியும் கழிப்பறையும் உள்ள இடம் ஏற்படுத்தவேண்டும் என்று விதித்தது. வண்டிக்குள் உறங்கி, சரியான ஓய்வின்றி ஓட்டுவதால் விளையும் விபத்துகளை எண்ணி வந்த விதி அது. ஆயினும் விதி வந்துவிட்டதாலேயே எல்லா விடுதிகளிலும் கட்டில் வந்துவிடாது. கேட்கிறவன் ஒருவன் வேண்டும்.

எனவே, என் கடைசிக் குறிப்பு இது. விடுதியில் அறை பதியும்போது, வெந்நீர் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்பதற்கு முன், ஓட்டுநர் படுக்க எங்கே இடம் என்று கேளுங்கள். இடம் உண்டு என்று சொன்னால், போய்ச் சேர்ந்தவுடன் நீங்களே நேரில் பாருங்கள். படுக்கையும் கம்பளியும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஒரு அறைக்குப் பணம் ஒதுக்குங்கள். அதற்குப் போதாதென்றால் ஒருநாள் குறைத்துத் தங்குங்கள். உங்களை அழைத்துச் செல்லுமுன் எத்தனை நாள் தொடர்ந்து ஓட்டினார் என்று விசாரியுங்கள். இரவுப் பயணம் வைக்காதீர்கள். நீங்கள் சாப்பிடுகிற இடத்தில், நீங்கள் சாப்பிடுகிற நேரத்தில், நீங்கள் சாப்பிடுகிறதையே அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். அவருடைய பெயரைக் கேட்டு, அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கள் உயிரை மூன்று நாள் கையில் வைத்திருந்த அந்தத் தம்பியின் பெயரை, இறங்கும்போது தடுப்புச்சுவரில் உரசிய பிறகுதான் நான் கேட்டேன்.

இதே கண்ணோடு மற்றவர்களையும் பாருங்கள். ஏரிக்கரையில் குதிரை பிடித்து ஓடுகிற பையன், வழியோரத்தில் காரட்டும் பேரிக்காயும் விற்கிற தாய், உங்கள் அறையைப் பெருக்குகிற பெண் இவர்கள் யாவரும் நீங்கள் இளைப்பாறும்படி உழைக்கிறவர்கள். மற்ற இடங்களில் ஐந்நூறு ரூபாய் யோசிக்காமல் செலவழித்துவிட்டு, பேரிக்காய்க் கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

இந்த மே மாதத்தில் நம் சபையின் குடும்ப முகாம் மறுபடியும் கொடைக்கானலில் நடக்கவிருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தைக் கமிட்டியார் சென்ற புதன்கிழமை கொண்டுவந்தார்கள். முதல் வரியில் ஓட்டுநர்கள் தங்கும் அறை என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அதனால் ஆளுக்கு நாற்பது ரூபாய் கூடுகிறது. எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த மடலைக் காட்டுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, இளைப்பாறுதலை எங்களுக்குக் கட்டளையாகவே கொடுத்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தக் கோடையில் பயணம் செய்கிற எங்கள் குடும்பங்களைக் காத்தருளும். எங்களைச் சுமந்து செல்கிறவர்களை நாங்கள் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். நான் குளிரில் விட்டுவிட்ட அந்த மகன் இன்று எங்கே இருந்தாலும், அவனுக்கு நல்ல நித்திரையைத் தாரும். என் பிழையை எனக்கு மன்னியும். அவனிடத்திலும் மன்னிப்புக் கேட்கிற நாளை எனக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்